டைட்டஸ் மெதுவாகத் தோண்டிய குழி

டைட்டஸ் நஸ்ருக் எங்கள் ஊரில் இதுவரை நாற்பத்தொரு பேருக்குக் குழி தோண்டியிருக்கிறார். அதில் பாதிப் பேரை அவருக்குப் பிடிக்காது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நின்று பார்த்தால் பிடித்தவர் குழி எது, பிடிக்காதவர் குழி எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றைத் தவிர எல்லாம் ஆறடி ஆழம், நாலு மூலையும் நேர். இந்த நேர்மையை அவரிடம் வேறெங்கும் எதிர்பார்க்கக் கூடாது. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். அவர் பிடித்த மீன், கதை முடிவதற்குள் இரண்டு மடங்கு வளர்ந்துவிடும்.

குழி தோண்டுவது அவருடைய வேலை என்று சொல்ல முடியாது. சம்பளம் கிடையாது, யாரும் அவரை நியமிக்கவும் இல்லை. இருபத்தைந்து வயதில் தன் அப்பாவின் குழிக்காகப் பிக்காசைத் தூக்கினார். இப்போது அறுபத்தாறு. கீழே வைக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

குழி விஷயத்தில் எங்கள் ஊருக்கு மூன்று விதிகள். உடல் ஊருக்கு வந்த மறுநாள் காலை தோண்டத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் ஒரு நாள்கூட இடைவெளி விடக் கூடாது. தோண்டி முடித்த குழியை ஓர் இரவு வெறுமனே திறந்து வைக்கக் கூடாது. வைத்தால் அது இன்னொருவரைக் கேட்கும். ஆகவே குழி முடிகிற நாள்தான் அடக்க நாள். பாஸ்டர் இதை மூடநம்பிக்கை என்பார். அவருடைய மாமியார் இறந்தபோது, குழி முடிந்த இருபதாவது நிமிடம் ஜெபத்தை முடித்துவிட்டார்.

இந்த விதிகளைச் செய்தவர்கள் கல் மாதிரி மண்ணை மனதில் வைத்துச் செய்தார்கள். எங்கள் ஊர் வடதுருவத்துக்குப் பக்கம், ஒன்றரை அடிக்குக் கீழே உறைமண். கோடையிலும் இளகாது. ஆற்றில் மிதந்து வந்த கட்டைகளை அடுக்கி, பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றி நெருப்பு மூட்டி, மேலே பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு சாண் இளகியதும் தோண்டிவிட்டுத் திரும்ப மூட்ட வேண்டும். மூன்று நாள் ஆகும், சில சமயம் நாலு. தோண்டுகிறவர்களுக்கு ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுவார்கள். அந்த மூன்று நாளில் மற்ற ஊர்க்காரர்கள் பனிவண்டியில் வந்து சேர்ந்துவிடுவார்கள். முகம் கொடுத்துப் பேசாதவர்கள் சூப் கிண்ணத்தை ஒருவருக்கொருவர் நீட்ட வேண்டி வரும். இறந்தவரைப் பற்றி முதல் நாள் நல்லதாகப் பேசுவார்கள், இரண்டாம் நாள் உண்மையாக. மூன்றாம் நாள் யாராவது சிரித்துவிடுவார்கள். அதன் பிறகு புதைப்பது எளிது.

இப்போது மண் இளகிவிட்டது. விதிகள் அப்படியே இருக்கின்றன.

ஐந்து வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்தார். நிலத்துக்குள் கம்பி இறக்கிச் சூடு பார்ப்பவர். உறைமண் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று பழைய குறிப்பு ஏதாவது இருக்குமா என்று கேட்டார். நான் டைட்டஸிடம் கூட்டிப்போனேன். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. ஓடுதளத்தில் நான்தான் ஏஜென்ட். டைட்டஸ் காபியைக் கலக்கிக்கொண்டே ஒப்பித்தார்.

“எங்கப்பாவுக்கு ஒன்றரை அடி. ஹெஸ்டர் சித்திக்கு ஒண்ணேமுக்கால். க்ளிஃபோர்டுக்கு ரெண்டு, குடிச்சே செத்தான். மேபலுக்கு ரெண்டே கால். அவ புருஷனுக்கு ரெண்டரை, அவனுக்கு அதுவே அதிகம். கடைசியா எல்லிஸுக்கு மூணரை.”

“எந்தெந்த வருஷம் என்று சொல்ல முடியுமா?” என்று வந்தவர் கேட்டார்.

“வருஷமெல்லாம் தெரியாது. ஆளைத்தான் தெரியும்.”

அவர் சர்ச்சுக்குப் போய் இறப்புப் பதிவேட்டை வாங்கிப் பெயருக்கு நேரே வருடத்தை எழுதிக் கோடு போட்டார். கோடு ஒரே சீராகக் கீழே இறங்கியது. மிக அருமையான தரவு என்றார். அந்தக் கோடு பிறகு ஒரு கட்டுரையில் அச்சானது. க்ளிஃபோர்ட் குடித்த விஷயம் அச்சாகவில்லை.

இந்தக் கதை வெர்னாவுடைய குழியைப் பற்றியது. வெர்னாவும் அவள் தம்பி லெஸ்டரும் டைட்டஸின் அத்தை பிள்ளைகள். எங்களில் முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்தே ஆகவேண்டும். ஒருவரிடம் ஒருவர் நேராக ஒரு வாக்கியம் பேசிவிட்டால், உடம்பு சரியில்லையா என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். டைட்டஸும் வெர்னாவும் அறுபது வருடம் அப்படிப் பேசியே பழகியவர்கள். லெஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு முப்பது மைல் தள்ளி ஆற்றின் மேல்புறத்து ஊருக்குப் போய்விட்டார். கேலி போனில் தொடர்ந்தது.

லெஸ்டரும் வெர்னாவும் மட்டும் பதினொரு வருடமாகப் பேசவில்லை. அவர்களுடைய அம்மா இறந்த மாதம் இரண்டு பேர் வீட்டிலும் ஒரு பேத்தி பிறந்தாள். இறந்தவர் பெயரைப் பிறந்ததற்கு வைப்பது வழக்கம். பெயரோடு இறந்தவரும் வந்துவிடுகிறார். வெர்னா இரண்டு நாள் முந்திக்கொண்டு அம்மா பெயரைத் தன் பேத்திக்கு வைத்துவிட்டாள். ஒரே பெயரை எத்தனை குழந்தைக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், எந்தத் தடையும் இல்லை. லெஸ்டரும் வைத்தார். ஆனால் தன்னைக் கேட்காமல் வைத்தாள் என்று பேச்சை நிறுத்திவிட்டார். ஆக, அவர்களுடைய அம்மா இப்போது இரண்டு ஊரில் இரண்டு சிறுமிகளாக ஆறாம் வகுப்பு படிக்கிறார். அந்த இரண்டு அம்மாக்களும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேசாமல் இருந்தது பிள்ளைகள்தான்.

அக்டோபர் மாதம் வெர்னா நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து டைட்டஸுக்கு போன் செய்தாள்.

“என்ன டைட்டஸ், இன்னும் உயிரோட இருக்கியா?”

“உனக்குக் குழி தோண்ட ஆள் வேணுமே மதினி. அதுக்காகத்தான் இருக்கேன்.”

“அகலமா தோண்டு. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல ஊதிட்டேன்.”

“அப்ப பெட்டி வேணாம். படகுலதான் வெச்சு இறக்கணும்.”

அவள் சிரித்துவிட்டு இருமினாள். இருமி முடித்ததும், “லெஸ்டர் வராம என்னை மூடாத,” என்றாள். “என் மேல ஒரு ஷவல் மண்ணாவது அவன் கையால விழணும். பதினோரு வருஷமா அவன் ஆசைப்பட்டது அதுதானே.”

இரண்டாவது பாதியைக் கேலியாகச் சொன்னாள். முதல் பாதியில் கேலி இல்லை. டைட்டஸ் அதைத்தான் என்னிடம் வந்து சொன்னார். சொன்னபோது அவர் முகம் சரியாக இல்லை. நாலு நாள் கழித்து அவள் இறந்துபோனாள்.

உடல் அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி விமானத்தில் வந்தது. அதுதான் கடைசி விமானம். அன்று மத்தியானம் மூடுபனி இறங்கியது. ஒரு காலத்தில் அக்டோபர் பத்துக்குள் ஆறு உறைந்துவிடும். இப்போது நவம்பரிலும் திறந்து கிடந்து ஆவி விடுகிறது. அந்த ஆவி ஓடுதளத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு உறையாததால் பனிவண்டி போகாது. பனிக்கட்டிகள் மிதந்து ஓடுவதால் படகும் போகாது. ஆறு விடுகிற ஆவியால் விமானமும் வராது. ஒரே ஆறு மூன்று வழியையும் அடைத்துக்கொண்டு நின்றது. முப்பது மைல் தள்ளி லெஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை விதிப்படி தோண்டத் தொடங்கினார்கள். டைட்டஸோடு மெல்வின் இருந்தான். மெல்வினுக்கு நாற்பது வயது, ஊராட்சியின் பொக்லைன் ஓட்டுபவன், எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற நோய் உள்ளவன். ஷவலை வைத்து மிதித்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மதியச் சாப்பாட்டுக்குள் மூன்றரை அடி போய்விட்டது.

டைட்டஸ் ஷவலைக் குத்தி நிறுத்தினார். “போதும். காபி.”

“இன்னும் ரெண்டரை அடிதான பெரியப்பா. மூணு மணிக்கு முடிச்சிரலாம்.”

“முடிச்சு?”

“புதைச்சிரலாம்.”

“உனக்கு அவ்வளவு அவசரம்னா நீ படு, உன்னைப் புதைக்கிறேன்.”

மெல்வினுக்கு அப்போதுதான் விஷயம் சொல்லப்பட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் மெல்வின் அதைத் தன் மனைவியிடம் வயர்லெஸ்ஸில் சொன்னான். எல்லா வீட்டிலும் வயர்லெஸ் உண்டு, எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. முப்பது மைல் தள்ளி லெஸ்டர் வீட்டுக்கு மட்டும் எட்டாது. இங்கே ரகசியம் என்பது எல்லாரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்வது.

அன்றிரவு டைட்டஸ் லெஸ்டருக்கு போன் செய்தார்.

“என்ன மச்சான், நீந்தி வர்றியா?”

“ஆத்துல பனிக்கட்டி ஓடுது. எறங்கினா எனக்கும் சேர்த்துத் தோண்ட வேண்டியதுதான்.”

“உன் உயரத்துக்கு ரெண்டு அடி போதும். கையோட முடிச்சிருவேன்.”

“பிளேன் என்ன ஆச்சு?”

“காலேஜுக்குத் தன் மூக்கு நுனியே தெரியலையாம்.” காலேஜு என்றால் நான். இரண்டு வருடம் ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக் கல்லூரியில் படித்தேன். அதை யாரும் மன்னிக்கவில்லை.

உனக்காகக் காத்திருக்கிறேன் என்று டைட்டஸ் சொல்லியிருக்கலாம். முறைக்காரனிடம் அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. லெஸ்டருக்கும், எனக்காகக் காத்திரு என்று கேட்க வழக்கம் இல்லை. இருவரும் நல்ல மரியாதை தெரிந்தவர்கள்.

இரண்டாம் நாள் டைட்டஸ் நாலு அங்குலம் தோண்டினார். காலை பத்து மணிக்கு வந்து, பழைய குழிகளைச் சுற்றி நடந்து, சிலுவைகளை நிமிர்த்தி வைத்து, பதினொரு மணிக்கு ஷவலை எடுத்து, அதன் பிடியைத் தேய்த்து, பதினொன்றரைக்குச் சூப் குடித்தார். தோண்டுகிறவர்களுக்கு நாலு வேளை சாப்பாடு என்பது பழைய கணக்கு. பிக்காசு வீசுகிறவன் வயிற்றுக்கு ஏற்பட்டது. நாலு அங்குலம் தோண்டுகிறவருக்கும் அதே நாலு வேளை வந்தது. கரிபூ மான் சூப், சீல் என்ற கடல்நாயின் எண்ணெயில் தோய்த்த காய்ந்த சால்மன் மீன், பொரித்த ரொட்டி. டைட்டஸின் மனைவி ஐடா பாத்திரங்களை ஸ்லெட்ஜில் வைத்து இழுத்து வந்தாள். பனி இல்லாததால் ஸ்லெட்ஜ் சேற்றில் வந்தது.

“ஏன்யா, எவ்வளவு ஆச்சு?” என்று குழியை எட்டிப் பார்த்தாள்.

“மூணே முக்காலுக்கு மேல.”

“நேத்தே மூணரை.”

“மண்ணு கெட்டி.”

ஐடா கையில் இருந்த கரண்டியை மண்ணில் குத்தினாள். பிடி வரை போனது. கரண்டியை உருவித் துடைத்து அதிலேயே சூப் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் வடக்குப் பக்கச் சுவர் சரிந்து விழுந்தது. டைட்டஸின் வாழ்க்கையில் எந்தக் குழியிலும் சுவர் சரிந்ததில்லை. உறைந்த மண் சரியாது. இளகிய மண்ணுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. வேறு சமயமாக இருந்தால் அவமானத்தில் சர்ச்சுக்கே வந்திருக்க மாட்டார். அன்று விழுந்த மண்ணை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “நல்லது, ரெண்டு நாள் வேலை,” என்றார்.

நாலாம் நாள் தண்ணீர் ஊறியது. ஊராட்சியின் பம்பை வைத்து இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் பக்கத்தில் படுத்திருந்த எல்லிஸ் மேல் ஓடியது. மெல்வினுக்குத் தாங்கவில்லை.

“பெரியப்பா, ஒரு தடவை பொக்லைன் கொண்டுவரேன். இருபது நிமிஷம். அழகா இருக்கும்.”

“உன் கல்யாணத்தையும் இருபது நிமிஷத்துல முடிச்சியே, அழகாவா இருக்கு?”

மெல்வினின் மனைவி இதை வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தாள். டைட்டஸின் கையில்தான் கருவி இருந்தது, பொத்தானை அழுத்தியபடி பேசிவிட்டார். அன்று மாலை வந்த சூப்பில் இறைச்சி இல்லை.

ஐந்தாம் நாள் பாஸ்டர் வந்தார். அவருக்கு நியாயமான கவலை ஒன்று இருந்தது. வெர்னா சர்ச்சின் பின்கட்டில், அடுப்பு மூட்டாத அறையில் இருந்தாள். நவம்பரில் அந்த அறை எந்த ஃப்ரீஸரைவிடவும் குளிராக இருக்க வேண்டும். இந்த நவம்பரில் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் மீன்பெட்டிகளில் இருந்த ஐஸைக் கொண்டுவந்து சுற்றிலும் வைத்திருந்தார்கள். உறைபனி நாட்டில் பிணத்துக்கு ஐஸ் தேடுகிற நிலை வந்துவிட்டது என்று பாஸ்டர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் துடிப்பதுபோல் முகம் இருந்தது.

“இன்னும் எத்தனை நாள், டைட்டஸ்?”

“மண்ணைக் கேளுங்க பாஸ்டர்.”

“மண்ணு தயாரா இருக்கிற மாதிரித்தான் தெரியுது.”

“மேல பார்த்தா அப்படித் தெரியும்.”

“ரெண்டு நாள். அதுக்கு மேல என்னால முடியாது. ஐஸும் இல்ல, கடையில மாவும் இல்ல. பிளேன் வந்து அஞ்சு நாளாச்சு. பெண்கள் டின் இறைச்சிக்கு வந்துட்டாங்க.”

டைட்டஸ் தலையாட்டினார். கரிபூ மான் கூட்டமும் இந்த வருடம் வரவில்லை. அதுவும் ஆறு உறையட்டும் என்று அக்கரையில் நின்றிருக்கலாம்.

ஐந்தாம் நாள் இரவு காற்று வடக்கே திரும்பியது. ஆறாம் நாள் காலை வாசல் படி கிறீச்சென்றது. குழியின் அடியில் இருந்த தண்ணீர் கெட்டியாகியிருந்தது. டைட்டஸ் வீட்டுக்குப் போய் ஷவலை வைத்துவிட்டுப் பிக்காசை எடுத்து வந்தார். முதல் அடிக்கு இரும்பு கணீரென்றது. ஆறு நாளில் முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. பம்ப் நின்றது, சுவர்கள் நின்றன, மெல்வின்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு நெருப்புக்குக் கட்டை பொறுக்கப் போனான். ஆற்றில் ஓரங்கள் வெள்ளையாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் நாலைந்து நாள் இதே குளிர் இருந்தால் ஆள் நடக்கலாம், பத்து நாளில் வண்டி போகலாம். மூடுபனி கிழிந்தால் விமானம் அதற்கு முன்பே வரும். பாஸ்டரிடம் இன்னும் இரண்டு நாள் கேட்கலாம். குளிர் வந்துவிட்டதால் அவரும் தருவார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் டைட்டஸ் தவறு செய்தார். அன்று மாலை லெஸ்டருக்கு போன் செய்து சொன்னார்:

“மச்சான், நாளைக்கு முடிச்சு மூடிரப்போறேன். நீ ஒண்ணும் அவசரப்படாத, கிறிஸ்துமஸுக்கு மெதுவா வா.”

அறுபது வருடமாக இப்படிப் பேசுகிறார்கள். லெஸ்டர் பதிலுக்கு, நீயே உள்ளே விழுந்து மூடிக்கொள் என்பதுபோல் ஏதாவது சொல்ல வேண்டும்.  அதற்குப் பதில் டக்கென்று ஒரு சத்தம்தான் வந்தது. லைன் போய்விட்டது என்று டைட்டஸ் நினைத்தார்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு லெஸ்டரின் மனைவி யூனிஸ் எனக்கு போன் செய்தாள், டைட்டஸைக் கூப்பிடச் சொல்லி. கல்லறைத் தோட்டம் ஓடுதளத்துக்குப் பக்கம்தான். டைட்டஸ் கையுறையோடு வந்து போனை வாங்கினார். யூனிஸ் கத்தியது எனக்கும் கேட்டது.

“விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு! பைக்கை எடுத்துக்கிட்டு ஆத்தோரமா போறேன்னு! இன்னிக்கு மூடிருவேன்னு நீ சொன்னியாமே?”

“நான் சும்மா சொன்னேன்.”

“சும்மாவா? அக்கா செத்துக் கிடக்கறப்ப ஒரு ஆளுக்குச் சும்மா எது, நெசம் எதுன்னு தெரியுமா?”

டைட்டஸ் போனை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். ஆற்றோரப் பாதை என்று எதுவும் கிடையாது. மணல்திட்டுகள், வில்லோப் புதர்கள், இடையில் ஏழெட்டு ஓடைகள். அந்த ஓடைகளின் மேல் இரண்டே இரவில் பிடித்த பனி. மனிதன் நிற்கவே நாலு அங்குலம் வேண்டும். அன்று இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். லெஸ்டருக்கு அறுபத்தெட்டு வயது, இடது முழங்கால் வேலை செய்யாது.

“காலேஜு, உன் வண்டில பெட்ரோல் இருக்கா?” என்றார் டைட்டஸ்.

போகிற வழியில் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தி மெல்வினிடம், “குழியைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்,” என்றார். மெல்வின் நெருப்பைக் கிளறிக்கொண்டே, “நான் எதுக்குத் தொடறேன்? எனக்குச் சூப்பு வருது,” என்றான்.

பனியைக் குத்திப் பார்க்கிற இரும்பு முனைத் தடியை டைட்டஸ் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். எட்டு மைல் என் நாலு சக்கரச் சேற்று வண்டியில் போனோம். ஒவ்வொரு ஓடையிலும் இறங்கி, குத்திப் பார்த்து, மேலே சுற்றிப் போய், திரும்ப ஆற்றோரம் வந்தோம். எட்டு மைலுக்கு இரண்டரை மணி நேரம். அவர் ஒரு கேலியும் பேசவில்லை. ஒருமுறை மட்டும், “நான் ஒழுங்கா சொல்லியிருக்கலாம்,” என்றார்.  ஒழுங்காகச் சொல்லியிருந்தால் லெஸ்டர் பயந்துபோய் முந்தின நாளே கிளம்பியிருப்பார் என்பதும் எனக்குத் தோன்றியது.

ஒன்பதாவது மைலில் புகை தெரிந்தது. ஓர் ஓடையின் வாயில், லெஸ்டரின் பைக் பின்சக்கரம் மட்டும் மேலே தெரிய, தண்ணீருக்குள் தலைகுப்புற நின்றது. கரையில் வில்லோக் குச்சிகளை எரித்துக்கொண்டு லெஸ்டர் உட்கார்ந்திருந்தார். இரண்டு சாக்ஸும் குச்சியில் தொங்கின. வெறுங்கால்களைத் தன் தொப்பிக்குள் விட்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது.

“மூடியாச்சா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றார் டைட்டஸ். “உனக்காக முடிக்காம வெச்சிருக்கேன். ஏழு நாளா.”

லெஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இவனுக்கு என்ன ஆச்சு, காலேஜு?”

“நெசமாதான் சொல்றார்.”

“நீ இவன் வீட்டுச் சூப் குடிக்கிறவன். மூடியாச்சுன்னா மூடியாச்சுன்னு சொல்லுங்கடா. நான் திரும்பிப் போயிடறேன்.”

“வெர்னா சொன்னா. நீ வராம மூடக் கூடாதுன்னு.”

“அவ என் பேரைச் சொன்னாளா?”

“சொன்னா.”

“பொய் சொல்ற. உனக்குப் பொய் சொல்லவும் வரல. சீட்டாட்டத்துலயாவது கொஞ்சம் நல்லா செய்வ.”

டைட்டஸ் குனிந்து சாக்ஸை எடுத்துப் பிழிந்தார். அவை பாதி உறைந்திருந்தன. தன் காலணிகளைக் கழற்றி, தன் சாக்ஸை உருவி லெஸ்டரின் காலில் மாட்டினார். பிறகு வெறுங்காலோடு காலணிக்குள் கால் விட்டுக்கொண்டார். லெஸ்டர் இதை மறுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கவலையாக இருந்தது. ஆரோக்கியமாக இருந்தால் கால் நாற்றத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். வழியில் மூன்றாவது ஓடைக்குப் பிறகு சொன்னார். அப்போதுதான் டைட்டஸ் மூச்சு விட்டார்.

லெஸ்டர் சர்ச்சுக்குப் போக மாட்டேன் என்றார். நேராகக் கல்லறைத் தோட்டம். வண்டியிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே போய்க் குழிக்குள் பார்த்தார். ஐந்தடி ஆழம். வடக்குச் சுவர் தொப்பைபோல் வளைந்து நின்றது. நாலு மூலையில் மூன்று இடிந்திருந்தன. அடியில் சேறும் பனிக்கட்டியும். டைட்டஸின் நாற்பத்தொரு வருடத்தில் இவ்வளவு அசிங்கமான குழி வந்ததில்லை.

“இதையா ஏழு நாளா தோண்டுன?”

“ஆமா.”

“எங்கம்மாவுக்கு ரெண்டரை நாள்ல தோண்டுன. அப்ப பாறை மாதிரி இருந்துச்சு.”

“ஆமா.”

லெஸ்டர் இன்னும் கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தார். மெல்வின் பக்கத்தில் நின்று வயர்லெஸ்ஸைக் கையில் வைத்திருந்தான். ஒரு புண்ணியம், பொத்தானை அழுத்தவில்லை. “சரி,” என்றார் லெஸ்டர். “காலையில முடிப்போம்.” பிறகு சர்ச்சுக்கு நடந்தார். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை. ஐடா மட்டும் சூப்பைக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

எட்டாம் நாள் காலை ஊர் முழுக்கக் குழியைச் சுற்றி நின்றது. பெட்டியைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார்கள். லெஸ்டர் பிக்காசை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். டைட்டஸ் மேலே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பில் ஆறடிக்குச் சிவப்புச் சாயம். கீழே மண் உண்மையிலேயே இறுகியிருந்தது. லெஸ்டர் அடித்தார், நின்றார், முழங்காலைத் தேய்த்தார், அடித்தார். மெல்வின் வாளியில் மண்ணை மேலே இழுத்தான்.  பாஸ்டர் ஒரு பாட்டைத் தொடங்கினார், அது முடிந்தது, இன்னொன்றைத் தொடங்கினார்.

“எவ்வளவு ஆச்சு?” என்று உள்ளிருந்து லெஸ்டர் கேட்டார்.

டைட்டஸ் கம்பை இறக்கினார். சிவப்புச் சாயம் தரையோடு சமமாக நின்றது. எல்லாரும் பார்த்தோம்.

“அஞ்சே முக்கால்,” என்றார் டைட்டஸ்.

லெஸ்டர் திரும்ப அடித்தார். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். “இப்ப?”

சிவப்புச் சாயம் தரைக்குக் கீழே ஒரு சாண் போயிருந்தது. பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார்.

“அஞ்சே முக்கால்தான் மச்சான்,” என்றார் டைட்டஸ். “இந்த மண்ணு அப்படித்தான்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்று உள்ளிருந்து பதில் வந்தது. பிக்காசுச் சத்தம் திரும்பக் கேட்டது. பெண்கள் காபி ஊற்றினார்கள். மெல்வின் ஒருமுறை வாயைத் திறந்தான். அவன் மனைவி அவன் காலை மிதித்தாள்.

பகல் இரண்டு மணிக்குப் பிக்காசு நின்றது. டைட்டஸ் எட்டிப் பார்த்தார். லெஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ஐந்தரை அடி மனிதர் ஏழேகால் அடிக் குழிக்குள் நின்றார். கை நீட்டினால் பிடிக்க முடியவில்லை. ஏணியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் ஆறடிக் குழிக்கு ஏணி தேவைப்பட்டதில்லை. மெல்வின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான்.

ஏணி வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நாங்கள் நாலு அடி பின்னால் தள்ளி நின்றோம். எல்லாரையும்விட நான்தான் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“ஈரமா இருக்கு வெர்னா,” என்று லெஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். “வடக்குப் பக்கம் சுவர் சரியில்ல. டைட்டஸ் செஞ்சது, என்னைக் குத்தம் சொல்லாத. அடியில மட்டும் நல்ல கெட்டி மண்ணு. அது நான் தோண்டுனது.”

ஏணி வந்தது. லெஸ்டர் மேலே ஏறி, மூச்சு வாங்கி, கையுறையைத் தட்டிக்கொண்டார்.

“இறக்குங்க,” என்றார். “ஷவலை எங்கிட்ட குடுங்க.”